முன்னால் நிற்பவளுக்கும் பின்தொடர ஒருத்தி வேண்டும்

டிரைபல் பெல்லிடான்ஸ் சொல்லிக்கொடுக்கிறேன் என்றால் முதல் கேள்வி உடையைப் பற்றி வரும், அடுத்தது வயிற்றைப் பற்றி. அதையும் தாண்டி யாராவது, "இதெல்லாம் மனப்பாடமா, இல்லை அங்கேயே யோசித்து ஆடுவதா?" என்று கேட்டால் அவரை எனக்கு உடனே பிடித்துவிடும். அந்த நடனத்தின் உயிரைத் தொட்டுவிட்டார் என்று அர்த்தம்.

அடுத்து என்ன ஆடப்போகிறோம் என்று மேடையில் நிற்கும் யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. இரண்டு பேரோ, மூன்று பேரோ, நான்கு பேரோ வந்து நிற்பார்கள். இடது முன்பக்கத்தில் நிற்பவர் லீட், அதாவது மற்றவர்களை நடத்திச் செல்பவர். எல்லோரும் உடம்பைச் சற்று இடப்பக்கமாகத் திருப்பி நிற்பார்கள். அதனால் பின்னால் இருப்பவர்களுக்கு லீடின் கையும் தலையும் தெரியும், பார்ப்பவர்களுக்கு வலது இடுப்பு தெரியும். கை எழும் விதத்திலும் தோள் திரும்பும் விதத்திலும் அடுத்த அசைவுக்கான சைகை இருக்கும். அதைப் பிடித்து எல்லோரும் ஒன்றாக மாறுவார்கள். வட்டமாகச் சுற்றும்போதோ, எதிரெதிரே முகம் பார்க்கும்போதோ லீட் இன்னொருவர் கைக்குப் போகும். பார்ப்பவர்கள் மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்திருப்பார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

ஆசிரியருக்கு இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. வகுப்பில் எப்போதும் லீட் அவர்தான். பின்தொடர்வதில் ஒரு தனிச் சுகம் உண்டு. முடிவெடுக்கும் பாரத்தை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு அவள் முதுகையும் விரல்களையும் பார்த்தபடி இசைக்குள் போய்விடலாம். மாணவிகள் வாரம் தவறாமல் வருவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். எனக்கு அது கிடைக்கவில்லை. சில ஆண்டுகள் அப்படியே போனதும் என் உடம்பு பழகிய ஏழெட்டு அசைவுகளையே சுற்றிச் சுற்றி வந்தது. பாட்டு மாறும், நான் மாறமாட்டேன். அலுப்பு என்று நினைத்து விடுமுறை எடுத்துப் பார்த்தேன். ஓய்வு கிடைத்தது, ஆர்வம் திரும்பவில்லை. எனக்கு வேண்டியிருந்தது ஓய்வு இல்லை, கூட ஆட ஆள்.

பிற்பாடு இந்த நடனத்தின் கதையை மறுபடி படித்தபோது, அது தொடங்கியதே இப்படித்தான் என்று உறைத்தது. 1968இல் கலிபோர்னியாவில் ஜமீலா சலிம்பூர் 'பால் அனாத்' என்ற குழுவைத் தொடங்கினார். மறுமலர்ச்சிக் காலத்தைப் போலவே அமைத்த திருவிழாச் சந்தையில் அந்தக் குழு ஆடியது. அசைவுகளுக்குப் பெயர் வைத்துப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கும் பழக்கத்தை அமெரிக்காவில் வேரூன்றச் செய்தவர்களில் அவர் முக்கியமானவர். அவருடைய மாணவி மாஷா ஆர்ச்சர். மாஷாவிடம் 1974இல், பதினான்கு வயதில் போய்ச் சேர்ந்தவர் கரோலீனா நெரிச்சியோ. மாஷாவின் குழு கலைந்த பிறகு, 1987இல் சான்பிரான்சிஸ்கோவில் ஒரு சின்ன இடத்தில் கரோலீனா வகுப்பு ஆரம்பித்தார். பெரிய திட்டம் எதுவும் கிடையாது. தன்னோடு சேர்ந்து ஆட நாலு பேர் வேண்டும், அவ்வளவுதான். அந்த வகுப்புதான் ஃபேட்சான்ஸ் பெல்லிடான்ஸ் குழுவாக வளர்ந்து, அமெரிக்கன் டிரைபல் ஸ்டைல் என்ற பெயரில் பல நாடுகளுக்குப் போனது.

கூட ஆட ஆள் இல்லாததால் ஆசிரியரானவர் அவர். நானோ ஆசிரியரானதால் கூட ஆட ஆள் இல்லாமல் இருந்தேன். வரிசையைத் திருப்பிப் போட்டுப் பார்த்ததும் வகுப்பைப் பற்றிய என் பார்வை மாறிவிட்டது.

முதலில் கைவைத்தது லீட் கொடுக்கும் நேரத்தில். வழக்கமாக அசைவுகளெல்லாம் ஓரளவு கைவந்த பிறகுதான் மாணவியை முன்னால் நிறுத்துவோம். அதற்குள் அவள் பின்தொடர்வதில் கெட்டிக்காரியாகிவிடுவாள். முன்னால் வரச் சொன்னால் பயந்து பின்வாங்குவாள். இப்போது நான் காத்திருப்பதில்லை. எஜிப்ஷியன் பேஸிக், அரேபிக், பிவட் பம்ப், சூ-சூ என்று நான்கு அசைவுகள் தெரிந்தால் போதும், ஆரம்ப வாரங்களிலேயே இரண்டிரண்டு பேராக நிறுத்திவிடுவேன். விதிகள் கொஞ்சம்தான். சைகையை முந்தைய சொற்கட்டின், அதாவது முந்தைய தாளத் துண்டின், கடைசியிலேயே கொடுத்துவிட வேண்டும். கொடுத்த சைகையைப் பாதியில் மாற்றக்கூடாது. தடுமாறினால் எஜிப்ஷியன் பேஸிக்குக்குத் திரும்பி மூச்சு வாங்கிக்கொள்ளலாம். லீட் கைமாறும்போது கண்ணைப் பார்க்க வேண்டும்.

கடைசி விதியை மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டேன். புதிதாக வருபவர்கள் தரையைப் பார்ப்பார்கள், இல்லையென்றால் கண்ணாடியைப் பார்ப்பார்கள். அதனால் லீட் மாற்றும் பயிற்சியில் கண்ணாடிக்கு முதுகு காட்டி நிற்கச் சொல்வேன். பக்கத்தில் இருப்பவள் தயாராக இருக்கிறாளா என்று கண்ணில் பார்த்துக் கேட்டு, கண்ணிலேயே பதில் வாங்க வேண்டும். கூச்சத்தில் முதலில் எல்லோருக்கும் சிரிப்பு வரும். சிரித்து முடியட்டும் என்று விட்டுவிடுவேன்.

இப்படி ஆரம்பித்ததில் எதிர்பாராமல் பெரிய லாபம் எனக்குத்தான். மாணவிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையில் இருந்தால் மிச்சமிருக்கும் ஒருத்தியோடு நான் சேர்ந்துகொள்வேன், அவள் லீட், நான் பின்னால். நான்கே அசைவுகள் தெரிந்த ஒருத்தி அவற்றை வைத்து என்ன செய்கிறாள் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஒருத்தி பாட்டு முழுக்க ஒரே அசைவில் நின்றாள். திசையை மட்டும் மாற்றினாள், சுற்றினாள், மறுபடி நின்றாள். நானாக இருந்திருந்தால் அந்த நேரத்தில் பத்துப் பதினைந்து அசைவுகளைக் கொட்டியிருப்பேன். அன்று அவள் பின்னால் ஆடியபோது அந்தப் பாட்டில் இருந்த குழலை முதல்முறையாகக் கேட்டேன். அந்தப் பாட்டை வகுப்பில் அதற்கு முன் எத்தனையோ முறை போட்டிருக்கிறேன்.

யூடியூபில் நல்ல நடனங்களைப் பார், ஊக்கம் வரும் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதிலிருந்து வந்தது பெரும்பாலும் பொறாமைதான், ஒரு நடனம் முடிந்து அடுத்தது ஓடத் தொடங்குவதற்குள் அதுவும் போய்விடும். சொந்த வகுப்பில் ஒரு தொடக்கநிலை மாணவியின் பின்னால் ஆடுவது அதைவிட அதிகம் கொடுக்கிறது. காணொளியில் அசைவுதான் தெரியும், அந்த அசைவைத் தேர்ந்தெடுத்த காரணம் தெரியாது. பின்னால் நின்று ஆடும்போது அந்தக் காரணம் உடம்புக்கே தெரிந்துவிடுகிறது.

அடுத்து, வகுப்பையும் பயிற்சிக் கூடலையும் பிரித்தேன். வகுப்பில் கட்டணம் உண்டு, நான் ஆசிரியர், திருத்துவேன். கூடலில் அறை வாடகையை வந்தவர்கள் சமமாகப் பகிர்ந்துகொள்கிறோம், நானும் என் பங்கைக் கொடுக்கிறேன், யாரையும் திருத்துவதில்லை. பணத்தில் நானும் பங்கு போடுவது சின்ன விஷயம் மாதிரித் தெரியலாம். ஆனால் நான் பங்கு கொடுக்காமல் இருந்தவரை எல்லோரும் என் முகத்தைப் பார்த்தபடி நின்றார்கள். பங்கு கொடுத்த பிறகுதான் அங்கே நானும் நாலு பேரில் ஒருத்தியானேன். திருத்தக்கூடாது என்பதுதான் கடினம். பக்கத்தில் ஒருத்தியின் முழங்கால் பூட்டி நிற்பதைப் பார்த்தால் என் வாய் தானாகத் திறக்கும். அடக்கிக்கொண்டு அடுத்த வகுப்பில் பொதுவாக எல்லோருக்கும் சொல்வேன். வலியோ காயமோ ஏற்படும் என்று தெரிந்தால் மட்டும் உடனே நிறுத்துவேன்.

கூடலில் லீட் எடுப்பதற்கு நேரக்கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு பாட்டுக்கு ஒருவர் என்று வைத்தால் தயங்குபவர்களுக்கு அது மலை மாதிரித் தெரியும். வேகமான பாட்டில் எட்டு எண்ணிக்கைகள் கொண்ட நான்கு சொற்கட்டுகளுக்குப் பிறகு கட்டாயம் கைமாற்ற வேண்டும் என்று வைத்தோம். அது நடந்தது. ஆரம்பிப்பதற்குள்ளேயே முடிந்துவிடுவதால் பயப்பட நேரமில்லை.

சக ஆசிரியர்களைத் தேடுவது இதைவிடச் சிக்கல். எந்த ஊரிலும் இந்த வகை நடனத்துக்கு ஆசிரியர்கள் அதிகம் இருப்பதில்லை. இரண்டு பேர் இருந்துவிட்டால் மாணவிகள் யாரிடம் போவார்கள் என்ற கணக்கு நடுவில் வந்துவிடும். அந்தக் கணக்கை ஒளித்து வைக்காமல் வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது. நானும் இன்னொரு ஆசிரியையும் வகுப்பு நாட்கள் மோதாமல் பார்த்துக்கொள்வது, ஒருவர் மாணவியை மற்றவர் நிகழ்ச்சிக்கு அழைத்தால் முன்கூட்டிச் சொல்வது என்று இரண்டே விஷயங்களில் உடன்பட்டோம். அதற்கு மேல் பெரிய ஒப்பந்தம் எதுவும் தேவைப்படவில்லை. இருவரும் சேர்ந்து டூயட் ஆட ஆரம்பித்த பிறகு மாணவிகளும் அங்கேயும் இங்கேயும் தாராளமாகப் போய்வந்தார்கள், இரண்டு வகுப்புகளும் காலியாகவில்லை.

தூரத்தில் இருக்கும் ஆசிரியர்களோடு இணையவழியில் பேசுவதில் ஒரு எல்லை உண்டு, அதைத் தெரிந்துகொண்டால் ஏமாற்றம் இருக்காது. நிமிடத்துக்கு 120 தட்டு ஓடும் பாட்டில் ஒரு தட்டு என்பது அரை நொடி. சைகை அந்த ஒன்றிரண்டு தட்டுகளுக்குள் வந்துபோய்விடும். இசையும் உருவமும் லீடின் பக்கத்திலிருந்து ஒன்றாக வந்தால் மறுமுனையில் இருப்பவர் பின்தொடரலாம். ஆனால் அவர் ஆடுவது லீடுக்குத் தாமதமாகத்தான் தெரியும். கண்ணைப் பார்த்து லீட் மாற்றுவதும், விரல்களில் மாட்டும் சின்னத் தாளங்களான சில்ஸைச் சேர்ந்து தட்டுவதும் நடக்காது. ஆகவே திரை வழியே சேர்ந்து ஆட முயன்று நொந்துகொள்ளாமல், அதைப் பேசுவதற்கு வைத்துக்கொண்டோம். ஒரு அசைவை நீங்கள் எந்த வரிசையில் பிரித்துச் சொல்கிறீர்கள், இடது கை சில்ஸில் பின்தங்கும் மாணவிக்கு என்ன செய்கிறீர்கள், குழுவை விட்டுப் போகிறேன் என்பவளிடம் என்ன பேசுவீர்கள் என்று. இந்தக் கேள்விகளை நான் வேறு யாரிடம் கேட்பது?

சைகைகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இந்த நடனத்தில் முன்பின் தெரியாதவர்கள்கூடச் சேர்ந்து ஆடிவிட முடிகிறதென்றால், எல்லோரும் ஒரே அடிப்படை அசைவுகளையும் ஒரே சைகைகளையும் கற்றிருப்பதால்தான். பொழுதுபோக்காக ஒரு சைகையை மாற்றினால் உங்கள் மாணவி வெளியே போய் ஆடும்போது தனித்து நிற்பாள். அதற்காக எதையும் புதிதாகச் செய்யக்கூடாது என்று சொல்லவில்லை. இம்ப்ரோவைசேஷனல் டிரைபல் ஸ்டைல் என்ற பெயரில் சொந்த அசைவுத் தொகுப்போடு ஆடும் குழுக்கள் நிறைய உண்டு. அவர்களோடு ஆட வேண்டுமானால் அவர்கள் சைகைகளை முதலில் கற்க வேண்டும், அது தெரிந்த விஷயம்தான். நான் செய்வது இதுதான்: பொதுவான அசைவுகளுக்கு ஒரு பட்டியல், எங்கள் வீட்டுச் சரக்குக்குத் தனியாக ஒரு பட்டியல். எது எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று மாணவிகளுக்குக் கற்கும்போதே தெரியும்.

பயிலரங்குகளுக்கு ஆசிரியராக இல்லாமல் மாணவியாகப் போவதை விடாமல் வைத்திருக்கிறேன். அங்கே கடைசி வரிசையில் நிற்பேன். என் மாணவிகளும் வந்திருந்தால் அவர்கள் பக்கம் திரும்பமாட்டேன். அவர்களுக்கும் அது விடுதலை. இந்த வகைக்குள்ளேயே மட்டும் சுற்றவும் வேண்டாம். ஃபேட்சான்ஸ் குழுவில் இருந்த ஜில் பார்க்கரிலிருந்து கிளைத்து, ரேச்சல் பிரைஸ் போன்றவர்களால் உலகம் முழுக்கப் பரவிய ஃபியூஷன் பாணியில் தனி நடனமும் பயிற்சி ஒழுக்கமும் வேறு மாதிரி இருக்கும். குழுவாக ஆடிப் பழகிய உடம்புக்கு அது முதலில் அந்நியமாகத்தான் இருந்தது. தசைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அசைப்பதில் எனக்கிருந்த சோம்பலை அது போக்கியது. மேடைக்கு மட்டும் நான் இன்னும் குழுவாகத்தான் போகிறேன்.

எனக்கு அதிகம் ஊக்கம் கொடுத்தவர்கள் யார் என்று கேட்டால் நடனக்காரர்களைவிடத் தாளக்காரர்களைத்தான் சொல்வேன். தர்புகா என்ற மேளம் வாசிக்கும் ஒருவரை வகுப்புக்கு அழைத்து வந்து, நாங்கள் ஆடாமல் உட்கார்ந்து கேட்டோம். மக்சூம், சயீதி என்ற இரண்டு தாளங்களும் காதுக்கு ஒன்றுபோலவே இருக்கும். மக்சூம் 'தும் தக் - தக் தும் - தக் -' என்று போகும். சயீதி 'தும் தக் - தும் தும் - தக் -'. நடுவில் ஒரு தக் இருக்கும் இடத்தில் தும் வந்துவிடுகிறது, அவ்வளவே. ஆனால் கால் தரையில் விழும் கனமே மாறிவிடும். கர்ஷிலமா என்ற தாளம் வந்தால் இன்னும் வேடிக்கை: ஒன்பது தட்டு, 2+2+2+3 என்று பிரியும். எட்டு எண்ணியே பழகிய எங்கள் உடம்பு கடைசி மூன்றில் ஒரு தட்டு மிஞ்சி நின்று தவித்தது. எல்லோரும் வாயால் சொல்லி, பிறகு நடந்து, பிறகு விரலில் சில்ஸ் மாட்டி, கடைசியில்தான் இடுப்புக்கு வந்தோம்.

இந்த நடனம் எங்கிருந்து எதை எடுத்தது என்பதையும் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். இது பழங்காலச் சடங்கு கிடையாது, கலிபோர்னியாவில் உருவான மேடை நடனம். அசைவுகள் எகிப்து, துருக்கி, வட ஆப்பிரிக்கா எனப் பல இடங்களின் ஆடல்களைப் பார்த்து எடுத்தவை. சோளி ரவிக்கையும் கண்ணாடித் தையலும் நம் பக்கத்துச் சமாசாரம், 'குச்சி' நகைகள் அந்தப் பெயர் கொண்ட ஆப்கானிஸ்தான் நாடோடிகளுடையவை, உலோகக் கம்பி கோத்த வலைத்துணி எகிப்தின் அஸ்யூத் நகரத்தது. பாவாடையின் சுற்றளவைப் பார்த்தாலே யாரும் மலைத்துப்போவார்கள், 25 கஜம்கூட இருக்கும். 'டிரைபல்' என்ற பெயரே சரிதானா என்ற விவாதமும் நீண்டநாளாக உண்டு. 2020இல் கரோலீனாவே அமெரிக்கன் டிரைபல் ஸ்டைல் என்ற பெயரை விட்டுவிட்டு தன் குழுவின் பெயர்ச் சுருக்கத்தை வைத்து எஃப்.சி.பி.டி. ஸ்டைல் என்று மாற்றிக்கொண்டார். மாணவிகள் இதைப் பற்றிக் கேட்டால் நான் மழுப்புவதில்லை. ஒரு நகையை மாட்டும்போது அது யாருடையது என்று தெரிந்து மாட்டு என்பேன். அப்புறம் அவரவர் தேடிப் படித்துக்கொண்டு வருவார்கள், அந்தத் தேடலில் இருந்துதான் குழுவில் நல்ல நல்ல பேச்சுகள் கிளம்பின.

சமூகம் என்று அழகாகச் சொல்லிவிடலாம். உள்ளே வேலை நிறைய. குழுவில் யாரைச் சேர்ப்பது, வகுப்பில் மட்டும் வைத்திருப்பது யாரை என்பதில்தான் அதிக மனத்தாங்கல் வரும். எழுதிவைத்த நிபந்தனை இல்லாவிட்டால் எல்லாம் ஆசிரியரின் பிரியம் என்று ஆகிவிடும். வேகமான அசைவுகளில் சில்ஸ் தட்டியபடி ஆட முடிய வேண்டும், லீட் எடுக்கத் தெரிய வேண்டும், ஒத்திகைக்கு வர வேண்டும். எங்கள் நிபந்தனை இவ்வளவுதான், எல்லோருக்கும் தெரியும். உடைச் செலவும் பலரைச் சத்தமில்லாமல் விலக்கிவிடும். அதனால் பொதுப் பெட்டி ஒன்று வைத்தோம். பெல்ட், பாவாடை, நகை என்று யாரிடம் கூடுதலாக இருக்கிறதோ அதில் போடலாம், தேவைப்படுபவர்கள் எடுத்துக்கொள்ளலாம். யார் போட்டது, யார் எடுத்தது என்று குறித்து வைப்பதில்லை.

மேடைக்கு வரத் தயாராகாதவர்களுக்கு ஹஃப்லா மாதிரி நல்ல இடம் இல்லை. நடனக்காரர்கள் தங்களுக்குள் கூடி ஆடிக்கொள்ளும் விருந்து அது. அங்கே புதியவர்கள் பின்னால் அரைவட்டமாக நின்று கோரஸாக ஆடலாம். ஒரே எளிய அசைவு, சில்ஸ், முன்னால் ஆடுபவர்களுக்குக் குலவை. குலவை போடத் தெரிந்தவர்களுக்கு அங்கே தனி மரியாதை உண்டு. கோரஸ் என்றால் தேறாதவர்களை ஓரமாக நிறுத்துவது என்று நினைக்க வேண்டாம். முன்னால் ஆடுபவர்கள் ஆடி முடித்துக் கோரஸுக்கு வருவார்கள், கோரஸில் இருந்து இன்னும் மூவர் முன்னால் போவார்கள்.

தனியாக இருக்கும் ஆசிரியர்கள் எங்கிருந்து தொடங்குவது என்று என்னிடம் கேட்பதுண்டு. குழு வேண்டாம், ஒரே ஒரு ஆள் போதும் என்பேன். இந்த நடனத்தில் டூயட் முழுமையான வடிவம், குறைந்தது அது நடந்தாலே உங்களுக்குப் பின்தொடர ஆள் கிடைத்துவிடும். உங்கள் மாணவிகளில் ஒருத்தியைத் தேர்ந்தெடுத்து வகுப்புக்கு வெளியே வாரம் ஒரு மணி நேரம் ஆடுங்கள். பாதி நேரம் அவள் லீட். அவள் தேர்ச்சி பெறும்வரை காத்திருக்க வேண்டாம், ஆடிக்கொண்டே தேர்ச்சி வரும்.

அப்படி நான் முதலில் சேர்ந்து ஆடியவள் இப்போது சொந்தமாக வகுப்பு நடத்துகிறாள். பிரிந்தபோது எனக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் பொய். கூடலில் ஒரு கை குறைந்தது, சில மாணவிகளும் அவளோடு போனார்கள். ஆனால் ஹஃப்லாவில் அவள் குழுவும் என் குழுவும் சேர்ந்து நான்கு பேராக நிற்கும்போது அவள் லீட் எடுப்பாள், நான் மூன்றாவதாக நிற்பேன். நான் சொல்லிக்கொடுக்காத ஏதோ ஒன்றை எங்கிருந்தோ கொண்டு வருவாள். ஒரே ஒரு பிரச்சினை. ஒரு திருப்பத்துக்கான சைகையில் கையை நான் தலைக்கு மேல் கொண்டுபோவேன், அவள் தோளோடு நிறுத்திவிடுகிறாள். எது சரி என்று பலமுறை வாதாடிவிட்டோம், முடிவு வரவில்லை. இப்போதைக்கு அவள் லீட் என்றால் அவள் முறை, நான் லீட் என்றால் என் முறை. மாணவிகள் இரண்டையும் கற்றுவைத்திருக்கிறார்கள்.